கம்பிச் சாமியின் காது

செத்தவர்கள் பேசுவதற்கு ஈப்போவில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை நாலு மணி முதல் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. இடம்: தாமான் மெலோர் குடியிருப்பு, கடைசி வரிசை, மூலை வீடு. செருப்பை வாசலில் விட வேண்டும். மூளையையும் அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனால் சாமிக்கு வேலை சுலபம். பெரும்பாலோர் யாரும் சொல்லாமலேயே விட்டார்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. ஆயர் தாவாரிலிருந்து லோரி பிடித்து வந்தார்கள். பீடோரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். டவுனில் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகும் பெரிய மனிதர்கள் காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, யார் கண்ணிலும் படாதபடி குனிந்து வந்தார்கள். படிக்காதவன் வெட்கப்படாமல் ஏமாறுவான், படித்தவன் வெட்கப்பட்டுக்கொண்டே ஏமாறுவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

கூட்டம் வந்தால் யாருக்கு லாபம்? தாமான் முனையில் மளிகைக் கடை வைத்திருந்த நாச்சியப்பனுக்கு லாபம். முன்பெல்லாம் எலுமிச்சம்பழம் வாடிப்போய்க் குப்பைக்குப் போகும். இப்போது கூடை கூடையாய் இறங்கியது. "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்க கெடயாது லா, நான் பழம் விக்கிறவன்" என்பார். கடை வாசலில் காசு போட்டுப் பேசும் டெலிபோனும் இருந்தது. வெளியூர்க்காரர்கள் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதில் வீட்டுக்குப் பேசுவார்கள். குடும்பக் கதை, கோர்ட் கதை, ஓடிப்போன மருமகள் கதை, அத்தனையும் அந்த டெலிபோனில் ஓடும்.

சாமியின் பெயர் கம்பிச் சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் சீனி. எந்த ஊர்க்காரன், யார் மகன் என்று யாரும் கேட்கவில்லை. சாமியிடம் ஊர் கேட்பது மரியாதையில்லையாம். வாடகைக்கு வீடு பார்ப்பவனிடம் மூன்று தலைமுறை விசாரிக்கும் ஜனங்கள், உயிரையே யார் கையில் கொடுக்கிறார்களோ அவனிடம் ஒன்றும் விசாரிப்பதில்லை.

அவன் சொன்ன தத்துவம் இது. தாமான் இருந்த இடம் முன்னே சுண்ணாம்புமலைத் தோட்டம். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைத் தள்ளி, வீடு கட்டினார்கள். டெலிபோன் கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டியவர்கள் பழைய புதைகுழி மேட்டைக் கிழித்துவிட்டார்கள். உள்ளே கிடந்த செத்தவர்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டெலிபோனில் 'கர்ர்' என்று கேட்கிறதே, அது வேறு யாருமில்லை, அவர்கள்தாம். நமக்குக் கரகரப்பு, சாமி காதுக்குத் தமிழ்.

பகல் முழுக்க அவன் உள்ளறையில் நிஷ்டையில் இருப்பான். சிவப்புத் திரை தொங்கும் அறை. யாரும் நுழையக் கூடாது. வெள்ளிக்கிழமை வெளியே வந்து, ஒரு கறுப்பு டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வான். அதன் ஒயர் புதைகுழி மண் நிரப்பிய பித்தளைச் சொம்புக்குள் போகும். இந்துவுக்குத் திருநீறு, கிறிஸ்தவனுக்குச் செபமாலை. கொள்ளையில் மட்டும் அவன் மத வேற்றுமை பார்க்கவில்லை. பிறகு சொல்லுவான் பாருங்கள், வந்தவன் வீட்டு ரகசியம் ஒன்று விடாமல்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருத்தி அதே வரிசையில் ஆறாவது வீட்டில் இருந்தாள். அகதா. அதே சுண்ணாம்புமலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஈப்போவில் ஒரு கம்பெனியில் டெலக்ஸ் மெஷினில் செய்தி அடித்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். கோலாலம்பூர் சரக்குக் கம்பெனி ஒன்று அவள் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தது: ஒரு கம்ப்யூட்டர், அதைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம் என்ற சின்னப் பெட்டி. கம்ப்யூட்டருக்குள் ஓடியது யூனிக்ஸ் என்ற கறாரான ஏற்பாடு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, யாருக்கும் பல்லிளிக்காது. அகதாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

காலையில் சரக்கு விவரங்களைத் தட்டி வைப்பாள். பிற்பகலில் டெலிபோன் வழியே கோலாலம்பூருக்கு அனுப்புவாள். மோடம் அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பும். 'சரியாக வந்தது' என்று அந்தப் பக்கம் சொன்னால் அடுத்த துண்டு. லைனில் கரகரப்பு புகுந்து ஒரு துண்டு கெட்டால் அதையே மறுபடி அனுப்ப வேண்டும். முதலில் எல்லாம் கோப்பி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, சோறு வடித்து, குழம்பு கூட்டி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் பாதி வழியில் நின்றது. திரையில் அடைப்புக்குறியும் அலைக்கோடுமாக அர்த்தமில்லாத குப்பை ஓடியது.

கம்பெனி பொறுத்துப் பார்த்தது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. மெஷின் போனால் வேலை போகும்.

இதற்கிடையில் அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் போய்ச் சாமி காலில் விழுந்துவிட்டான். டயர் கடையில் மேற்பார்வை பார்க்கும் நல்ல மனிதன். அவன் அம்மா போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அந்தத் துக்கம் அவனை விட்டுப் போகவில்லை.

"அகதா, அம்மா பேசிச்சு" என்றான், வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து.

"யாரு பேசினது?"

"எங்கம்மா. கடைசி நாளு பால் இல்லாத கோப்பி ஓ கேட்டுச்சு. நர்ஸ் கூடாதுன்னுச்சு, நானும் குடுக்கல. அத சாமி சொல்லுறாரு! 'ஒரு வாய் கோப்பி கேட்டேனேடா தம்பி'ன்னு. இது ஒனக்கே தெரியாது. எப்படி அவருக்குத் தெரிஞ்சுது?"

அவன் அழுதான். பத்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாத துக்கத்தை எவனோ ஒருவன் சந்தையில் கடை விரித்திருக்கிறான்.

"நீங்க வேற யார்கிட்டயும் சொல்லலியா?"

"அண்ணன்கிட்ட மட்டும்தான். சவரிநாதன் அண்ணே யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு."

"எப்ப சொன்னீங்க? நேர்லயா?"

"அவரு தஞ்சோங் மாலிம்ல இருக்காரு, நேர்ல எப்படி? டெலிபோன்லதான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாமி இன்னொண்ணும் சொன்னாரு. ஒன் பொட்டி கீச்சுகீச்சுன்னு கத்துதில்ல, அந்தச் சத்தத்துல அம்மா கம்பிக்குள்ள எரியுதாம். வர்ற வெள்ளிக்கிழம பொட்டியக் கொண்டாந்து அவரு காலடியில வச்சிடணுமாம். நான் வாரேன்னு சொல்லிட்டேன்."

"என் வேலய யாரு குடுப்பா? ஒங்க சாமியா?"

"எனக்கு எங்கம்மா பெருசு லா!"

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. அகதா வாதம் செய்யவில்லை. வாதத்தால் சாமியை ஜெயித்தவர்கள் யாருமில்லை. மூடநம்பிக்கைக்குக் காது கிடையாது, வாய் மட்டும்தான்.

வெள்ளிக்குள் குற்றம் எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். அகதாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. முதலில் மெஷினைப் பார்த்தாள். பின்னால் திருட்டுத்தனமாய் வேறு வேலை ஏதும் ஓடுகிறதா? இல்லை. மோடத்தைத் தனக்குத்தானே பேச வைத்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. படுக்கையறை டெலிபோனைக் கழற்றினாள். கரகரப்பு அப்படியேதான் இருந்தது. கம்பி வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே மோடத்தை மாட்டிப் பார்த்தாள். அப்படியேதான். ஆக, கோளாறு வீட்டுக்குள் இல்லை.

புதன்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. கரகரப்பில்லை, குப்பை எழுத்து இல்லை. அத்தனை சரக்கும் கோப்பி ஆறுவதற்குள் போய்விட்டது. அகதா நம்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். அடுத்த வீட்டுக் கருப்பம்மாளிடம் கேட்டாள்.

"இன்னிக்கு என்னாக்கா, தாமானே அமைதியா இருக்கு?"

"சாமி இல்லியே! ஆயர் தாவார்ல ஒரு வீட்டுல பேய் ஓட்ட காலையிலயே கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. செத்தவங்களும் கூடவே போயிட்டாங்க போல."

செத்தவர்களுக்குக் காரில் இடம் கிடைத்ததா என்று அகதா கேட்கவில்லை. கைக்குடையை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக் கூரையிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து கம்பம். வரிசை வீடுகள், கடை, எல்லாக் கம்பிகளும் கடைசியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து மண்ணுக்குள் போயின. பெட்டி இருந்தது மூலை வீட்டின் பின்சுவரை ஒட்டி. பெட்டியின் பூட்டு உடைந்து, துருவேறிய கம்பியால் கட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து புத்தம் புதிய ஒயர்க் கற்றை ஒன்று கிளம்பி, சாமியின் உள்ளறைக் காற்றுத் துவாரத்துக்குள் போனது.

அவ்வளவுதான். செத்தவர்களின் பாதை தெரிந்துவிட்டது. சாமி நிஷ்டையில் உட்கார்ந்து ஊர் டெலிபோனையெல்லாம் ஒட்டுக் கேட்கிறான். அவன் கொக்கி மாட்டிக் கேட்கும் நேரத்தில்தான் கரகரப்பு. அந்தக் கரகரப்பைக் காட்டித்தான் வியாபாரம். மோடம் கத்தினால் அவன் காதுதான் எரிகிறது, மாமியார் எரியவில்லை. பெட்டி ஏன் அவன் காலடிக்குப் போக வேண்டும் என்பதும் விளங்கிற்று.

நேரே போய்க் கத்தினால்? 'செத்தவங்க இழுத்த கம்பி' என்பான், கூட்டம் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தந்திக் கம்பத்துக்கே மாலை போடத் தயாராய் இருக்கிற ஜனங்களிடம் ஒயரைக் காட்டி என்ன பயன்? அவன் வாயாலேயே அவனைக் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை காலை. சாமி நிஷ்டைக்குத் திரும்பிவிட்டான். லைனும் கரகரக்கத் தொடங்கிவிட்டது. அகதா தஞ்சோங் மாலிமிலிருந்த தன் அக்கா ரோசரிக்கு டெலிபோன் போட்டாள். ரோசரிக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"அக்கா, ராத்திரி கனவுல செல்லாயி வந்தா."

மறுமுனையில் ரோசரி உருகிப்போனாள். "அய்யோ, செல்லாயியா! அவ இல்லாட்டி நீயும் நானும் ஏது? அம்மா சீக்கா கெடந்தப்ப அவ பாலக் குடிச்சுத்தான உசுரோட இருந்தோம்."

"பாவம், அவ மொதப் பிள்ளய வித்துட்டாங்களே."

"பீடோர் ஆளுக்கு! மூணு நாளு கத்திக்கிட்டே கெடந்தா. அந்தக் கண்ணு ரெண்டுலயும் தண்ணி. யாருக்கும் பாக்க மனசு வரல. கடைசியில வாயில நொர தள்ளிச் செத்தா. பலாமரத்தடியில பொதச்சப்ப தோட்டமே அழுதிச்சு."

டக்கென்று லைனில் ஒரு சத்தம். கரகரப்பு கொஞ்சம் கூடியது. அகதா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலும் பேசினாள். அரைமணி நேரம் அக்காளும் தங்கையும் செல்லாயிக்காகக் கண்ணீர் விட்டார்கள். ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செல்லாயி ஒரு பசு மாடு. சுண்ணாம்புமலைத் தோட்டத்தில் நாலாவது லயத்துக் கொட்டகையில் கட்டியிருந்த செவலைப் பசு. தாமானில் நரைத்த தலைகள் பாதிக்கு மேல் அவள் பால் குடித்தவைதான். கம்பிச் சாமி மட்டும் வெளியூரான்.

வெள்ளிக்கிழமை. ஸ்டானிஸ்லாஸ் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு முன்னே நடந்தான். அகதா மோடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னே போனாள். கூட்டம் வழிவிட்டது. 'வந்துட்டா பாரு, திமிர் பிடிச்சவ' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சாமி ரிசீவரைக் காதில் வைத்தான். கண்ணை மூடினான். அகதா முன்னால் வந்து உட்கார்ந்ததும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான்.

"ஒரு பொம்பள வாரா! அழுதுக்கிட்டு வாரா! பேரு... செ... செல்லாயி!"

கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னையா என்ற பழைய தோட்டத்து ரப்பர்ப் பால்மரத் தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்குப் பால் குடுத்தவ தாயி! ஒங்கம்மா சீக்கா கெடந்தப்ப ஒன்னையும் ஒங்கக்காளையும் தன் பாலக் குடுத்து வளத்த புண்ணியவதி!"

"ஆமா சாமி" என்றாள் அகதா, தலையைக் குனிந்துகொண்டு.

சாமிக்கு வேகம் பிடித்துவிட்டது. "ஏன் மொதப் பிள்ளய பீடோர்க்காரனுக்கு வித்தீங்களேடா பாவிங்களா! மூணு நாளு கத்துனேனே, ஒருத்தனாவது கேட்டீங்களா! பலாமரத்தடியில பொதச்சிட்டு மறந்துட்டீங்களே!"

சின்னையா வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் கருப்பம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆயர் தாவார்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் அழுதார்கள்.

"அவ பாக்க எப்படி இருக்கா சாமி?" என்று அகதா பணிவாகக் கேட்டாள்.

"லெட்சுமி மாதிரி இருக்கா! நெத்தி நெறய குங்குமம், கொண்ட நெறயப் பூவு. செவப்புச் சேல கட்டி ஒக்காந்திருக்கா."

"என்னா கேக்குறா சாமி?"

"சேல கேக்குறா. ரவிக்கத் துணி கேக்குறா. கண்ணாடி வளையல், வெத்தல பாக்கு, சுருட்டு ஒண்ணு."

அகதா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வைக்கோல் வேணாமாமா?"

சின்னையாவால் அதற்கு மேல் முடியவில்லை. "அடேய்!" என்று எழுந்தார். "செல்லாயிக்கு நான் புல்லு அறுத்துப் போட்டவன்டா! அது மாடுடா! மாட்டுக்கு எங்கடா கொண்ட? ரவிக்கைக்கு எத்தன கை வச்சுத் தைக்கிறது?"

கூரை பறந்தது போல ஒரு சிரிப்பு. நரைத்த தலைகள் அத்தனையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. அழுதுகொண்டிருந்த ஆயர் தாவார்க்காரர்கள் அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். கம்பிச் சாமி ரிசீவரைக் கீழே வைத்தான். "மாட்டுக்கும் ஆத்மா உண்டு..." என்று ஆரம்பித்தான்.

"உண்டு சாமி. ஆனா அது சுருட்டுக் குடிக்காது" என்றாள் அகதா. குரலில் இப்போது பணிவு இல்லை. "செல்லாயி கதய நேத்து காலையில ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னேன். எங்கக்கா. டெலிபோன்ல. நாங்க 'பசு'ங்கிற ஒரு வார்த்த சொல்லல, அதனால ஒங்க செத்தவங்களுக்கும் தெரியல. ஏங்க, நீங்க கோப்பி சமாச்சாரத்த அண்ணன்கிட்ட எதுல சொன்னீங்க?"

ஸ்டானிஸ்லாஸ் கம்ப்யூட்டரை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான். நேரே போய்ச் சிவப்புத் திரையைப் பிடித்து இழுத்தான். திரை கிழிந்து கையோடு வந்தது.

உள்ளே சாமி படம் ஒன்றுகூட இல்லை. ஒரு மெத்தை நாற்காலி, வறுத்த கடலைப் பொட்டலம், சுவரில் வரிசையாகப் பழைய ரேடியோ சுவிட்சுகள், கம்பி வேலைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் ரிசீவர் ஒன்று. சீனி எங்கோ ஒரு குத்தகைக்காரனிடம் டெலிபோன் கம்பி இழுத்தவன் என்பது பிறகு தெரிந்தது. ஸ்டானிஸ்லாஸ் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். கடைக்காரர் நாச்சியப்பனின் மனைவி கண்ணம்மை, யாரிடமோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்: "சாமி புண்ணியத்துல இந்த வாரம் மட்டும் அஞ்சு கூடை பழம் போயிருச்சு ஆச்சி."

அவன் ரிசீவரைச் சின்னையாவிடம் கொடுத்தான். சின்னையா கேட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறி அது கூட்டம் முழுக்கச் சுற்ற முடியவில்லை, ஒயர் நீளம் போதவில்லை. ஆனால் போதிய அளவு சுற்றியது.

ஸ்டானிஸ்லாஸ் சீனியின் சட்டையைப் பிடித்தான். அடிக்கத்தான் பிடித்தான். கை எழவில்லை, வாய்தான் பேசியது.

"எங்கம்மா கேட்ட ஒரு வாய் கோப்பி, அது எனக்கு நெஞ்சுல முள்ளு. அத வித்துத் தின்னுட்டியேடா."

சீனி கூட்டத்தைப் பார்த்தான். காப்பாற்ற ஒரு பக்தரும் முன்வரவில்லை. டை கட்டிய கனவான்கள் அதற்குள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. டெலிபோன் ஆட்கள் வந்து கொக்கிகளைக் கழற்றி, பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். திங்கட்கிழமை அகதா சரக்கு விவரத்தை அனுப்பிவிட்டுக் கோப்பியை வாயில் வைத்தாள். சுட்டது. கம்பெனி மெஷினைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. புதைகுழியில் கிடந்த செத்தவர்கள் ஒரே நாளில் கம்பியை விட்டுவிட்டார்கள், பாருங்கள்.

கதை இத்தோடு முடிந்தால் நம் ஜனங்கள் நம் ஜனங்களாக இருக்க மாட்டார்களே.

இரண்டு வாரம் கழித்து அகதாவும் ஸ்டானிஸ்லாஸும் தாமானுக்குப் பின்னால், வெட்டாமல் மிஞ்சியிருந்த, செல்லாயியைப் புதைத்த பலாமரத்து வழியாக வந்தார்கள். மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. அடியில் விளக்கு. வரிசையாய் எலுமிச்சம்பழம், நாச்சியப்பன் கடைச் சரக்கு. ஒரு சிவப்புச் சேலை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சுருட்டும் இருந்தது. கருப்பம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா இது?"

"செல்லாயி அம்மன்! அந்தத் திருட்டுப் பயலப் பிடிச்சுக் குடுத்தது யாரு? அவதான! சக்தி உள்ளவ லா."

ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தான். அகதா அந்தச் சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கருப்பம்மாளிடம் சொன்னாள்:

"கும்பிடுங்கக்கா, வேணாங்கல. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. செல்லாயி வெறும் மாடு. அதுகூட, எதிர்ல எவன் என்னாத்த வச்சாலும், மோந்து பாத்துட்டுத்தான் வாயை வைக்கும்."